உட்காரத் தெரிந்த இரும்பு

அவளை எல்லோரும் முக்கோணம் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நெட்டை.

சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டிங் அறையில் மிஞ்சிய அட்டைத் துண்டுகளை முக்கோண முக்கோணமாக நறுக்கி ஒட்டி, அவள் ஓர் ஆளைச் செய்து மேசையில் நிறுத்தினாள். ஒரு சாண் உயரம் இருக்கும். மூக்கு இல்லை, கண் இல்லை, விரல்கூட இல்லை. ஆனாலும் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரிந்துவிட்டது. இடுப்பில் கைவைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, குதிகாலில் சாய்ந்து நிற்பவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான், சூப்பர்வைசர். அந்தப் பக்கம் எதற்கோ வந்த நெட்டை, செக்கிங் பிரிவில் மூத்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

"நாலஞ்சு முக்கோணத்துல ஆளையே பிடிச்சுட்டியேடி. முகம் இல்லாமலே அந்த மனுஷன் முறைக்கிறான் பாரு."

முக்கோணம் பின்னாளில் தகரத்திலும் இரும்பிலும் எத்தனையோ உருவங்கள் செய்தாள். ஒன்றுக்கும் முகம் வைக்கவில்லை. ஆளை அடையாளம் காட்டுவது முகமல்ல, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் என்று அந்த அட்டைச் சூப்பர்வைசர் அவளுக்குக் காட்டிவிட்டார். அவர் யாருக்காவது பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவளுடைய வேலை பேட்டர்ன் வெட்டுவது. சட்டை என்பது முதலில் துணி அல்ல, அட்டை. முதுகுக்கு ஓர் அட்டை, மார்புக்கு இரண்டு, கைக்கு, காலருக்கு என்று தனித்தனியாக வெட்டி, ஓட்டை போட்டு, கொக்கியில் தொங்கவிடுவார்கள். மனித உடம்பை வளைவும் வழவழப்புமாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவள் அதைத் தட்டையான துண்டுகளாகப் பார்த்தாள். ஒரு கோணத்தில் சேர்த்தால் ஆள் நிமிர்வான், இன்னொரு கோணத்தில் சேர்த்தால் கூனுவான்.

அந்த அட்டைகளில் ஒரு விதி உண்டு. உடம்பின் அளவுக்கு வெளியே, சுற்றிலும் ஒரு விளிம்பு விட வேண்டும். தையல் போக இடம் வேண்டுமே. தைத்த பிறகு அது உள்ளே மறைந்துவிடும், போட்டுக்கொள்கிறவருக்குத் தெரியாது. அந்த விளிம்பை விட மறந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. ஆகவே அந்த விளிம்பை அவள் யோசித்து விடவில்லை. கையே விட்டது.

இனி செக்கிங் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைத்து முடித்த சட்டைகள் நீண்ட மேசைகளில் குவியும். பெண்கள் வரிசையாக நின்று நூல் பிசிறு, விட்டுப்போன தையல், கறை எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளுவார்கள். நின்று என்றால் ஷிப்ட் முழுவதும் நின்று. அந்தக் கூடத்தில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்தது. கர்ப்பிணிகள் சுவரில் சாய்ந்தால் அதற்கும் ஓர் அதட்டல் வந்தது. கூடத்திலேயே உயரமானவள் நெட்டை. மேசையோ குள்ளமானவர்களுக்காகச் செய்தது. அவள் குனிந்து குனிந்து அந்த முதுகை ஒரு கேள்விக்குறியாக்கிக்கொண்டாள்.

நிற்பது பணிவு, உட்காருவது திமிர் என்று யார் முடிவு செய்தது? எந்த மருத்துவர் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. யாரோ ஒருவர் எப்போதோ ஆட்களை நிற்க வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை இயற்கையின் சட்டம்போலக் காப்பாற்றினார்கள். ஸ்டூல் வேண்டும் என்று நெட்டை போய்க் கேட்டபோது மேனேஜர் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது: உட்கார்ந்தால் தூக்கம் வரும். இதை அவர் சுழல்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அவருக்குத் தூக்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

மறுநாள் காலை, மணி அடித்ததும் செக்கிங் பெண்கள் கோஷம் போடவில்லை, வெளியே போகவில்லை. அவரவர் இடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். கட்டிங் அறையிலிருந்து முக்கோணமும் போய் நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டைகள் மலையாகக் குவிந்தன. போலீஸ் வந்து எழுந்திருக்கச் சொன்னது. "எழுந்தா நிக்கணுமே சார், அதானே பிரச்சினை," என்றாள் நெட்டை. அந்த வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. செக்கிங்கிலும் கட்டிங்கிலும் மேசைக்கு மேசை ஸ்டூல் வந்தது.

ஸ்டூல்கள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் நெட்டையை வேலையை விட்டு எடுத்தார்கள். காரணம், ஒழுங்கீனம். தான் வாங்கிக் கொடுத்த ஸ்டூலில் அவள் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. பிறகு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். அங்கேயும் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான்.

முக்கோணம் இன்னும் சில வருடம் பேட்டர்ன் வெட்டினாள். வார இறுதியில் நகராட்சிக் கலைக்கூடத்துக்குப் போய் தகரம் மடிக்கவும் ரிவெட் ஆணி அடித்து இணைக்கவும் கற்றுக்கொண்டாள். அட்டையில் செய்ததைத் தகரத்தில் செய்தாள். கூடை சுமக்கிற உருவம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற உருவம், காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்த உருவம். எல்லாம் நேர்கோடும் கோணமும்தான். பார்க்கிறவர்கள் முதலில் "மூக்கு எங்கே?" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அத்தை மாதிரியே இருக்கு" என்பார்கள்.

கண்காட்சிகளில் அவளுக்குக் கைவினைப் பகுதியில்தான் இடம் தந்தார்கள், பூஜாடிக்கும் மேசைவிரிப்புக்கும் நடுவில். பெரிய கூடத்தில் ஆண்கள் கல்லையும் வெண்கலத்தையும் வைத்துக்கொண்டு சிற்பிகளாக இருந்தார்கள். தகரம் என்பதாலா, பெண் என்பதாலா, தொழிற்சாலைக்காரி என்பதாலா? கேட்டால், "இடப் பற்றாக்குறை மேடம்" என்றார்கள். அந்தப் பற்றாக்குறை எப்போதும் அவள் முறை வரும்போதுதான் வந்தது. இருபது வருடம் இப்படி ஓடியது. நடுவில் வேலையை விட்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், வீட்டின் பின்னறையைப் பட்டறை ஆக்கினாள். மனம் மட்டும் ஆறவில்லை. வெளியே, வெயிலில், போகிற வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் ஓர் உருவமாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

அந்த வாய்ப்பு தொழிற்சங்கத்திடமிருந்து வந்தது. புதுக் கட்டடத்தின் முற்றத்தில் அந்த ஸ்டூல் போராட்டத்துக்கு ஒரு சிலை வைக்க முடிவு செய்திருந்தார்கள். செயலாளர் நேரிலேயே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், மேடைப் பேச்சைக் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவார்.

"தோழர், நம்ம நெட்டை அக்காவை மனசுல வச்சுச் செய்யுங்க. நெஞ்சை நிமிர்த்தி நிக்கணும். வலது கை மேல. முஷ்டி."

"உட்கார்ந்த மாதிரி செய்யறேனே தோழர்."

"உட்கார்ந்தா? போராளி உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

"உட்காரத்தானே போராடினாங்க?"

மூலையில் உட்கார்ந்து சாக்ஸை உருவிக்கொண்டிருந்த முக்கோணத்தின் கணவர், பஸ் டிரைவர், தொண்டையைச் செருமினார். "சார், நான் முப்பது வருஷமா உட்கார்ந்தே இருக்கேன். முதுகு போச்சு. நான் நிக்கணும்னு போராடினா எனக்கும் ஒண்ணு வைப்பீங்களா?"

செயலாளர் சிரித்துவிட்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. முக்கோணம் தன் இஷ்டப்படி செய்யலாம். முற்றத்துக்குக் கொண்டுபோகும் முன் நெட்டை வந்து பார்ப்பாள். அவள் சரி என்றால் சரி. இல்லை என்றால், முஷ்டி உயர்த்திய சிமெண்ட் சிலை ஒன்றுக்கு ஏற்கெனவே ஒரு வார்ப்புப் பட்டறையில் பேசி வைத்திருக்கிறார்கள்.

"அவங்க சரின்னுடுவாங்க," என்றார் செயலாளர் போகும்போது, ஆறுதலாக.

முக்கோணத்துக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. நெட்டையை அவளுக்குத் தெரியும். சிலை விஷயத்தைச் சொல்லப் போனபோதே மருந்துக்கடைக் கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து நெட்டை எச்சரித்திருந்தாள்: "பொம்மை கிம்மை செஞ்சு வச்சே, நானே வந்து பேர்த்துப் போட்டுடுவேன். பார்த்துக்க."

ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. கனத்த இரும்புத் தகடு. அவள் அதுவரை அவ்வளவு பெரிதாகச் செய்ததில்லை. கூடத்துக் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, தரை முழுக்கக் காகிதம் விரித்து, தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று முழு அளவில் பேட்டர்ன் போட்டாள். டிரைவர் சுவரோரமாகக் கால் வைத்து, பேருந்தைச் சந்துக்குள் திருப்புகிற கவனத்தோடு சமையலறைக்குப் போய்வந்தார். காகிதத்தைப் பார்த்து இரும்புக் கடையில் தகடுகளை வெட்டிக் கொடுத்தார்கள். அவை நேராக வெல்டர் பட்டறைக்குப் போயின.

இரண்டாம் நாளே வெல்டர் கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. எதுவும் எதோடயும் சேர மாட்டேங்குது."

போய்ப் பார்த்தாள். தோளின் பெரிய முக்கோணத்தோடு கழுத்தின் சின்ன முக்கோணத்தை வைத்தால், ஒன்றின் விளிம்பு நீளம், மற்றதின் விளிம்பு குட்டை. முழங்காலில் இதே கதை. எல்லாத் துண்டுகளும் வீங்கியிருந்தன. சின்னவை அளவுக்கு அதிகமாக, பெரியவை கொஞ்சமாக.

"அளவு தப்பா மேடம்?"

அளவு தப்பில்லை. அவள் ஒரு தகட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள், அடுத்ததிலும் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும், சுற்றிலும், கட்டைவிரல் அகலம் கூடுதல். அங்கேயே ஒரு சிலிண்டர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தையலுக்கு விட்டிருக்கேன் அண்ணே," என்றாள்.

"எதுக்கு?"

"தையலுக்கு."

வெல்டர் தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை யாரு மேடம் தைக்கப் போறா?"

தகரத்தில் அந்த விளிம்பு உள்ளே மடங்கி ரிவெட் வாங்கிக்கொண்டது. ஆகவே இத்தனை வருடமும் அது தப்பாகவே தெரியவில்லை. இந்தத் தகட்டை யாரும் மடிக்க முடியாது. விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவைக்க வேண்டியதுதான். அதற்குக் கூடுதல் எதற்கு? மூளை இரும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. கை மட்டும் கட்டிங் மேசையிலேயே இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் வெட்டித் தள்ளலாம் என்றார் வெல்டர். அவள் யோசித்தாள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தகட்டை மட்டும் சரியான அளவுக்கு வெட்டி, மற்றதை அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டால்? வைத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பிலும் தோளிலும் கையோரத்திலும் விளிம்பு ஒரு துடுப்புபோல எழுந்து நின்றது. உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்ட சட்டை. செக்கிங் மேசைக்கு எல்லாச் சட்டையும் அப்படித்தான் முதலில் வரும். வாங்குகிறவர்கள் வெளிப்பக்கத்தைப் பார்த்தார்கள், தைத்தவர்கள் பார்த்தது இதை.

"இருக்கட்டும் அண்ணே," என்றாள். "இது போகட்டும் வெளியே."

நெட்டை வருகிற நாளன்று உருவம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, இரும்பிலேயே செய்த ஸ்டூல். உருவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஸ்டூல் மட்டும் நிஜ ஸ்டூலின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று முக்கோணம் பிடிவாதமாக இருந்தாள். அவள் காலையிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. டிரைவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். செயலாளர் சலவைச் சட்டையில் வந்தார். நெட்டை கடைசியாக, இடுப்பில் கையூன்றி, கேள்விக்குறி முதுகோடு வந்து சேர்ந்தாள்.

முதலில் உருவத்தைச் சுற்றி வந்தாள். முதுகில் நீட்டியிருந்த விளிம்பை விரலால் தடவினாள். கட்டைவிரலை வைத்து அளந்தாள்.

"இவ்வளவா விடுவாங்க? அந்தக் காலமா இருந்தா உனக்கு மெமோ கிடைச்சிருக்கும்."

முக்கோணம் அவள் முகத்தைப் பார்த்தாள். இது சரியா, இல்லையா?

"இறக்குங்கப்பா, பார்க்கலாம்," என்றாள் நெட்டை.

வெல்டர் சங்கிலியை இழுத்தார். உருவம் மெல்ல இறங்கியது. தொடைகள் ஸ்டூலை நெருங்கின. 'கிறீச்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. தொடையின் பக்கத் தகடுகளிலும் விளிம்பு கீழ்நோக்கி நீட்டியிருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை, உருவத்தை மல்லாத்திப் போட்டே வேலை செய்திருந்தார்கள். அந்த விளிம்புகள் ஸ்டூலில் குத்தி நிற்க, தொடைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பாதங்களும் தரையைத் தொடவில்லை. அவள் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

முக்கோணத்துக்கு அந்தச் சிமெண்ட் முஷ்டி கண்முன் வந்து நின்றது.

நெட்டை சிரமப்பட்டுக் குனிந்து, இடைவெளியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். "என்னடி இது, வேணும்னே இப்படிச் செஞ்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கண்காட்சிக் கூடங்களில் இதைவிடச் சின்ன இடைவெளிக்கு அரைமணி நேரம் பேசுகிறவர்கள் உண்டு. அவளுக்கு நெட்டையிடம் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லக்கா. தையலுக்கு விட்டதை வெட்ட மறந்துட்டோம்." பிறகு, தானாகவே, "ஆனா ஸ்டூல் வந்த புதுசுல நாங்க இப்படித்தான்கா உட்கார்ந்தோம். நுனியில. பாதி உடம்பு மேல. சூப்பர்வைசர் செருப்புச் சத்தம் கேட்டா எழுந்துடலாம்னு. நல்லா உட்கார ரொம்ப நாளாச்சு."

செயலாளரின் முகம் மலர்ந்தது. "தோழர், இதுதான். இதைத் தொடவே கூடாது. உரிமை கிடைச்சும் முழுசா உட்கார முடியல. போராட்டம் தொடருது. என்ன ஒரு கருத்து. எனக்கு முஷ்டியே வேண்டாம், இப்படியே விடுங்க."

நெட்டை நிமிர்ந்தாள். நிமிர முடிந்த அளவுக்கு.

"என்ன தொடருது?"

"போராட்டம்கா."

"அது முடிஞ்சுபோச்சு தம்பி. நாங்க ஜெயிச்சோம். ஜெயிச்சதை ஜெயிச்சதா ஒரு தடவையாவது சொல்லுங்களேன். எப்பப் பார்த்தாலும் தொடருது, தொடருதுன்னா, மனுஷி எப்பத்தான் உட்கார்றது?" முக்கோணத்தின் பக்கம் திரும்பினாள். "நுனியில உட்காரவா நான் வேலையைத் தொலைச்சேன்? நல்லா, முழுசா, பாரத்தைப் போட்டு உட்காரட்டும் அவ. முதுகுல இருக்கறது இருக்கட்டும், அது அழகா இருக்கு. அடியில இருக்கறதை வெட்டு."

"அப்ப சிலை..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"சிலைக்கு என்ன? நான்தான் இதுன்னு தெரியுது. முதுகைப் பாரு. மூக்கு வைக்காம விட்டியே, அதுவரைக்கும் பிழைச்சேன்."

முக்கோணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பசியும் சேர்ந்து வந்தது. டிரைவர் ஏற்கெனவே அதை எதிர்பார்த்தவர்போல ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

உருவத்தை மறுபடி தூக்கி ஓரமாக நகர்த்தினார்கள். வெல்டர் கிரைண்டரைப் போட்டார். தொடைக்கடியிலிருந்து பொறி பறந்தது. காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள், நெட்டையைத் தவிர. அவள் காலி ஸ்டூலைப் பார்த்தபடி நின்றாள். முன்னால் போய் அதன் மேல் கையால் தூசியைத் தட்டினாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நுனியில் அல்ல. பின்னுக்கு நகர்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, கைகளை மடியில் போட்டு.

கிரைண்டர் நின்றது. வெட்டின இடத்தைத் துடைத்துவிட்டு வெல்டர் சங்கிலியைப் பிடித்தார். உருவம் அசைந்து, ஸ்டூலுக்கு நேராக வரத் தயாரானது.

"அம்மா, எழுந்திருங்க. இறக்கணும்."

நெட்டை அசையவில்லை. பக்கத்தில் வந்து நின்ற முக்கோணத்தின் பொட்டலத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தொங்கட்டும்பா கொஞ்ச நேரம். அவளுக்கு என்ன அவசரம்? நானே இப்பதான் உட்கார்ந்திருக்கேன்."